வீக்கம் தெரியுமுன் அறிவோம்: குழந்தைகளின் நெஃப்ராட்டிக் நோயும் வீட்டாரின் பங்கும்

குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் காணும் நோய்களுள் ஒன்று நெஃப்ராட்டிக் சின்ட்ரோம் ஆகும். இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளையே இது பெரும்பாலும் பற்றுகிறது. சிறுமியரைவிடச் சிறுவர்க்கு ஏறத்தாழ இருமடங்காக வருகிறது. நோயின் பெயரைக் கேட்டவுடன் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, “டயாலிசிஸ் செய்ய வேண்டி வருமா?” என்பதே. அடுத்த கேள்வி, “எப்போது முழுவதும் குணமாகும்?” என்பது.

முதற்கேள்விக்கு, பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை, ‘வராது’ என்று நம்பிக்கையோடு விடை கூறலாம். இரண்டாவது கேள்வியின் விடை சற்று நீளமானது. இந்நோய் தணியும், மீண்டும் வரும், மீண்டும் தணியும். அது திரும்பி வருவதை முதலில் கண்டறியக்கூடியவர் மருத்துவர் அல்லர், வீட்டில் இருக்கும் தாயோ தந்தையோ பாட்டியோதான். அதற்குத் தேவையானவை காலையில் ஒரு சிறு சோதனையும் ஒரு குறிப்பேடும் மட்டுமே. இவை இரண்டும் ஏன் இன்றியமையாதவை என்பதையும், இவற்றோடு கடைப்பிடிக்க வேண்டிய மற்றவற்றையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

உடலில் நிகழ்வது என்ன?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. கழிவுகளையும் மிகையான நீரையும் வெளியேற்றிவிட்டு, உடலுக்கு வேண்டிய புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்தி வைப்பது அவற்றின் பணி. நெஃப்ராட்டிக் நோயில் இவ்வடிகட்டிகள் தளர்ந்து, ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரோடு பெருமளவில் வெளியேறுகிறது. சிறுநீர் நுரைத்துக் காணப்படுவது இதனால்தான்.

இரத்தக் குழாய்க்குள் நீரைத் தக்கவைப்பதில் ஆல்புமினுக்குப் பெரும்பங்கு உண்டு. அது குறைந்தவுடன் நீர் குழாய்களைவிட்டு வெளியேறித் தசையிலும் தோலடியிலும் தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. காலையில் கண்ணிமைகளும், மாலையில் கால்களும், பின்னர் வயிறும், ஆண் குழந்தைகளுக்கு விரைப்பையும் வீங்குகின்றன. இமை வீக்கத்தை ஒவ்வாமை என்றோ பூச்சிக்கடி என்றோ எண்ணிக் கண்சொட்டு மருந்திட்டுச் சில நாட்களைக் கழித்த பின்னரே பல குழந்தைகள் எங்களிடம் வருகின்றனர். ஒரு சிறுநீர்ச் சோதனை அந்த ஐயத்தை அன்றே தீர்த்துவிடும்.

‘சிறுநீரில் உப்பு போகிறது’ என்று சிலர் இதனைக் குறிப்பிடுகின்றனர். வெளியேறுவது உப்பு அன்று, புரதம். இந்த வேறுபாடு முக்கியமானது. உப்புதான் போகிறது என்று எண்ணி, இழந்ததை ஈடுசெய்ய உணவில் உப்பைக் கூட்டினால் வீக்கம் மேலும் பெருகும்.

தணிதலும் திரும்புதலும்

குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக் நோயில் பெரும்பகுதி, பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துக்கு நன்கு கட்டுப்படுகிறது. இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல்முறை நோய் வரும்போது ஆறு வாரங்கள் நாள்தோறும், அடுத்த ஆறு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் குறைந்த அளவிலும் இம்மருந்து தரப்படுகிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்குக் கிலோ ஒன்றுக்கு 2 மி.கி. என்பது கணக்கு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 30 மி.கி. ஆகும். ‘இவ்வளவு சிறு பிள்ளைக்கு இத்தனை மாத்திரையா?’ என்று பெற்றோர் திகைப்பது இயல்பே. இவ்வளவு தந்தால்தான் வடிகட்டிகளின் கசிவு நிற்கும்; அளவைப் பயந்து குறைத்தால், மருந்தின் தீமை மட்டும் வந்து நன்மை வாராமற் போகும்.

மருந்து தொடங்கிய பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வாரங்களுக்குள் புரதக் கசிவு நின்றுவிடுகிறது. தொடர்ந்து மூன்று நாட்கள் காலைச் சிறுநீரில் புரதம் இல்லை அல்லது மிகச் சிறு சுவடே உள்ளது என்றால், நோய் தணிந்துவிட்டது என்று பொருள். தொடர்ந்து மூன்று நாட்கள் 3+ அல்லது 4+ என்று இருந்தால், நோய் திரும்பிவிட்டது என்று பொருள்.

முதல்முறை குணமடைந்த குழந்தைகளுள் பெரும்பான்மையோர்க்கு நோய் ஒருமுறையேனும் திரும்புகிறது. ஆகவே நோய் திரும்பியதைத் தங்கள் கவனக்குறைவின் விளைவு என்று எந்தத் தாயும் எண்ணித் தளர வேண்டியதில்லை. சளி, இருமல், வயிற்றுப்போக்கு போன்ற எளிய தொற்றுகளே பெரும்பாலும் அதனைத் தூண்டிவிடுகின்றன. திரும்புவதை முற்றிலும் தடுப்பது நம் கையில் இல்லை. திரும்பிய சில நாட்களுக்குள் அறிந்துகொள்வது நம் கையில் உள்ளது.

காலைச் சிறுநீர் கூறும் செய்தி

புரதம் முதலில் கசிகிறது. வீக்கம் பிறகே தோன்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் பல நாட்கள் கிடைக்கின்றன. அந்நாட்களில் நோயைக் கண்டுகொண்டால், பெரும்பாலும் குழந்தையை மருத்துவமனையில் சேர்க்காமலேயே வீட்டில் மாத்திரையோடு சமாளிக்கலாம். வீக்கம் முற்றிய பின்னர் வரும் குழந்தைக்கோ தொற்றும் இரத்தக்கட்டும் ஏற்படும் அபாயம் கூடுகிறது.

சிறுநீரைச் சூடாக்கினால் அதிலுள்ள புரதம் முட்டையின் வெண்கரு போல் திரளும் என்பதை, உடல் வீங்கியிருந்த ஒரு படைவீரரின் சிறுநீரில் கண்டு 1764-இல் எழுதியவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கொட்டுன்யோ. அன்று அவர் கண்டதையே இன்றும் ஒரு சோதனைக் குழாயைக் கொண்டு வீட்டில் காணலாம். வீட்டில் செய்யத்தக்க முறைகள் மூன்று.

முதலாவது, சோதனைப் பட்டை. சிறுநீரில் தோய்த்து எடுத்து, டப்பாவின் மேல் குறிக்கப்பட்ட நேரம் கழித்து, அதிலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நேரம் கடந்து பார்த்தால் நிறம் பொய் சொல்லும். டப்பாவை எடுத்தவுடன் இறுக மூடுங்கள். ஈரம் பட்ட பட்டை பயன்படாது. காலாவதி நாளையும் பாருங்கள்.

இரண்டாவது, சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சோதனை. கண்ணாடிக் குழாயில் சிறிது சிறுநீர் எடுத்து, நாங்கள் கற்றுத் தரும் அளவில் அமிலத்தைத் துளித்துளியாக விட வேண்டும். பின்னர் குழாயின் பின்னே அச்சிட்ட தாள் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். சிறுநீர் தெளிவாக இருந்தால் புரதம் இல்லை. கலங்கியும் எழுத்தைப் படிக்க முடிந்தால் 1+. கறுத்த கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் 2+. எதுவுமே தெரியாவிட்டால் 3+. தயிர் போல் திரிந்து கட்டிகட்டியாக நின்றால் 4+. பட்டையைவிட இதற்குச் செலவு குறைவு. அமிலக் குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, சூடாக்கும் முறை. குழாயில் மூன்றில் இரு பங்கு சிறுநீர் நிரப்பி, மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்ட வேண்டும். கலங்கினால் சில துளி வினிகர் விடுங்கள். அதன் பின்னும் கலங்கல் நீங்காவிட்டால் அது புரதம். இதனைப் பெரியவர்களே செய்ய வேண்டும்; குழாயின் வாய் எவர் முகத்தையும் நோக்கியிருக்கக் கூடாது.

எம்முறையாயினும் காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதற்சிறுநீரையே பயன்படுத்த வேண்டும். ஓடியாடிய பின்னர் எடுக்கும் சிறுநீரில், நோய் இல்லாதபோதும் சிறிது புரதம் காணப்படலாம். நோய் திரும்பியிருக்கும் காலத்திலும், சளியோ காய்ச்சலோ உள்ளபோதும், இமைகள் சற்றே உப்பியதாகத் தோன்றினாலும் நாள்தோறும் சோதியுங்கள். நோய் தணிந்து குழந்தை நலமாக இருக்கும் காலத்தில் வாரத்துக்கு ஓரிரு முறை போதும்.

குறிப்பேடு

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நாள், புரத அளவு, தந்த மருந்தும் அதன் அளவும், எடை, காய்ச்சல் முதலிய குறிப்புகள் என்று ஐந்து கட்டங்கள் இடுங்கள். அது எவ்வாறு உதவுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒரு குழந்தைக்குத் திங்களன்று சளி பிடிக்கிறது. செவ்வாய் 1+, புதன் 2+, வியாழன் 2+, வெள்ளி சுவடு, சனி இல்லை. இது நோய் திரும்புதல் அன்று. சளியோடு வந்து சளியோடு போன கசிவு. கூடுதல் மருந்து எதுவும் தேவையில்லை. மற்றொரு குழந்தைக்கு அதே செவ்வாய் 2+, புதன் 3+, வியாழன் 3+, வெள்ளி 3+. இக்குழந்தையின் பெற்றோர் வெள்ளிக்கிழமை காலையிலேயே எங்களை அழைக்க வேண்டும். குறிப்பேடு இல்லையென்றால் இவ்விரு குழந்தைகளையும் வேறுபடுத்த இயலாது. ஒருவருக்கு வேண்டாத ஸ்டீராய்டு போய்ச் சேரும், மற்றவருக்கு வேண்டிய மருந்து தாமதமாகும்.

ஓராண்டில் நோய் எத்தனை முறை திரும்பியது, மருந்தின் எந்த அளவில் திரும்பியது என்பதை நாங்கள் அறிவதும் இக்குறிப்பேட்டைக் கொண்டுதான். அடிக்கடி திரும்பினால் லெவமிசோல், மைக்கோஃபீனோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் போன்ற வேறு மருந்துகளுள் ஒன்றைக் கருதுவோம். அந்த முடிவு, பெற்றோரின் நினைவை மட்டும் நம்பி எடுக்கத்தக்கது அன்று.

ஸ்டீராய்டு: அச்சமும் கவனமும்

இம்மருந்தைக் காலை உணவுக்குப் பின் தருக. பசி கூடும், கன்னம் உருளும், சில குழந்தைகள் எரிச்சலும் பிடிவாதமும் கொள்வர், தூக்கம் குறையும். மருந்து குறையக் குறைய இவை பெரும்பாலும் மறையும். நெடுநாள் தரும்போது இரத்த அழுத்தம், உயர வளர்ச்சி, எலும்பு, கண் ஆகியவற்றை நாங்கள் சோதித்து வருவோம். அதற்காகக் குறிக்கும் நாட்களைத் தவறவிடாதீர்கள்.

முகம் உருண்டிருப்பது மருந்தாலா நோயாலா என்ற குழப்பம் பலர்க்கும் உண்டு. மருந்தால் வரும் உருட்சி வாரக்கணக்கில் மெல்ல வரும். சிறுநீரில் புரதம் இராது. நோயால் வரும் வீக்கம் சில நாட்களில் வரும், எடை விரைந்து ஏறும், சிறுநீர் குறையும், புரதம் காணும்.

ஸ்டீராய்டை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நெடுநாள் இம்மருந்தை உட்கொள்ளும்போது, உடல் தானே சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மருந்து சட்டென்று நின்றால் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு என்று உயிருக்கே இடர் நேரலாம். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலும் உடனே எங்களிடம் கூறுங்கள். வேறு மருத்துவமனைக்கோ பல் மருத்துவரிடமோ சென்றாலும் ‘பிள்ளை ஸ்டீராய்டு சாப்பிடுகிறது’ என்பதை முதலில் தெரிவியுங்கள்.

மற்றொன்று: பிரட்னிசோலோன் 5, 10, 20 மி.கி. என்று பல அளவுகளில் கிடைக்கிறது. சென்ற மாதம் ஓர் அளவும் இம்மாதம் மற்றோர் அளவும் கடையில் தரப்படலாம். எத்தனை மாத்திரை என்பதை மட்டும் நினைவில் வைக்காமல், எத்தனை மி.கி. என்பதை ஒவ்வொரு முறையும் அட்டையில் படித்துப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தரும் காலத்தில் நாட்காட்டியில் மருந்து நாட்களை வட்டமிட்டு வையுங்கள்.

உணவு

வீக்கம் உள்ளபோது உப்பைக் குறைக்க வேண்டும். சமையலில் சிறிதளவே சேர்த்து, இலையில் தனியாக உப்பு வைப்பதை நிறுத்துங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் ஆகியவை வேண்டாம். இந்துப்பும் உப்பே, அதனால் விலக்கு இல்லை. வீட்டார் அனைவரும் அதே குறைந்த உப்புச் சமையலை உண்டால் குழந்தைக்குத் தனித்து விடப்பட்ட எண்ணம் எழாது.

புரதம் வெளியேறுகிறதே என்று நாளுக்கு நான்கு முட்டையும் புரதப் பொடியும் தருவது வேண்டாம். அவற்றால் கசிவு நிற்பதில்லை. வயதுக்கு ஏற்ற அளவில் பருப்பு, சுண்டல், பால், முட்டை, மீன் போதும். அதே போல், புரதமே கூடாது என்று பட்டினி போடுவதும் தவறு. ஸ்டீராய்டு தூண்டும் பசிக்கு எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் தராமல், பழம், வெள்ளரி, அவித்த பயறு, உப்பில்லாத பொரி ஆகியவற்றைக் கையருகே வையுங்கள். நோய் தணிந்ததும் குழந்தை வீட்டில் மற்றவர் உண்பதையே உண்ணலாம்.

நீரைக் குறைக்க வேண்டுமா என்பதை நாங்களே கூறுவோம். வீக்கம் வடியட்டும் என்று நெருஞ்சில் கசாயமோ வாழைத்தண்டுச் சாறோ தாங்களாகத் தராதீர்கள். வெளியே வீங்கியிருந்தாலும் இரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்திருக்கக்கூடும். அந்நிலையில் நீரை மேலும் இறக்கினால் இரத்தம் கெட்டிப்பட்டுக் கட்டியாகும் அபாயம் உண்டு.

தொற்றும் தடுப்பூசியும்

இந்நோயில் நோயெதிர்ப்புப் புரதங்களும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. ஸ்டீராய்டும் எதிர்ப்பைக் குறைக்கிறது. நோய் முற்றியிருக்கும்போது வயிற்றினுள் உள்ள உறையில் தோன்றும் தொற்று மிகக் கொடியது. நிமோகாக்கஸ் கிருமி இதற்கு முக்கியமான காரணம். ஆகவே நிமோகாக்கஸ் தடுப்பூசியும் ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியும் இக்குழந்தைகளுக்கு இன்றியமையாதவை. தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை, ஸ்டீராய்டு மிகுந்த அளவில் தரப்படும் காலத்தில் தள்ளிவைக்க வேண்டும்; தகுந்த நாளை நாங்கள் குறித்துத் தருவோம். போலியோ சொட்டு மருந்து முகாம் நாளில், நோயுற்ற குழந்தைக்கும் அதே வீட்டில் உள்ள தம்பி தங்கையர்க்கும் சொட்டு மருந்து தருமுன் எங்களைக் கேளுங்கள். அவர்களுக்கு ஊசி வடிவத் தடுப்பு மருந்து உண்டு.

சின்னம்மை இக்குழந்தைகளுக்குக் கடுமையாக வரக்கூடும். வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர்க்கு அம்மை கண்டது தெரிந்தால், உங்கள் குழந்தைக்குக் கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே எங்களிடம் கூறுங்கள். முதற்சில நாட்களுக்குள் தந்தால்தான் தடுப்புச் சிகிச்சை பயன் தரும். அம்மை கண்டபின் வாசலில் வேப்பிலை கட்டுவதையும், குழந்தையைத் தனியே வைப்பதையும், அம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் நாங்கள் தடுக்கவில்லை. ‘அம்மை இறங்கும்வரை மருந்து தரக் கூடாது’ என்னும் ஒரு வழக்கத்தை மட்டும் இக்குழந்தைகளின் பொருட்டு விலக்குமாறு வேண்டுகிறோம். ஸ்டீராய்டை அப்போது நிறுத்துவது அம்மையைவிடக் கேடானது. அம்மைக்குரிய மருந்தும் உடனே தொடங்கப்பட வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் அவர்களையும் அழைத்து வாருங்கள், பொறுமையாக விளக்குவோம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகளைத் தவிர்க்கவும். அவை சிறுநீரகத்துக்குச் சுமை.

உடனே வர வேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றுள் எது தோன்றினாலும், நள்ளிரவாயினும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்:

- காய்ச்சலோடு வயிற்றுவலி, அல்லது தொட்டாலே வயிறு நோதல்
- மூச்சுத் திணறல்
- ஒரு காலோ ஒரு கையோ மட்டும் வீங்கி வலித்தல். தோல் சிவந்து சூடாக இருத்தல்
- கடுந்தலைவலி, வலிப்பு, குழப்பம், மிகுந்த மயக்கம்
- சிறுநீர் மிகவும் குறைதல் அல்லது சிவந்து போதல்
- நில்லாத வாந்தி, வயிற்றுப்போக்கு

பள்ளியும் விளையாட்டும்

நோய் தணிந்த குழந்தை பள்ளி செல்லலாம், ஓடலாம், பந்தாடலாம். தொற்று வந்துவிடும் என்று ஆண்டுக்கணக்கில் வீட்டில் பூட்டி வைப்பது நோயைவிடப் பெரிய இழப்பு. வகுப்பாசிரியரிடம் நோயைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுங்கள். வேண்டுமானால் நாங்கள் கடிதம் தருகிறோம். உருண்ட முகத்தைப் பிள்ளைகள் கேலி செய்வதும், நொறுக்குத் தீனியைப் பகிர்வதும், அருகில் ஒருவர்க்கு அம்மை காண்பதும் முதலில் அவர் கண்ணில்தான் படும். ஏழெட்டு வயதான குழந்தைக்குச் சோதனைப் பட்டையைத் தானே தோய்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தன் நோயைத் தானே அறிந்த குழந்தை அதற்கு அஞ்சுவதில்லை.

நெடுநாளைய நோக்கு

ஆறு வாரங்கள் ஸ்டீராய்டு தந்தும் புரதக் கசிவு நிற்காத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சிறுநீரகத் திசுச் சோதனையும், சில வேளைகளில் மரபணுச் சோதனையும், வேறு மருந்துகளும் தேவைப்படும். சிறுநீரகம் பழுதடையும் அபாயம் இவர்களுக்கே மிகுதி. அவர்களின் பெற்றோரோடு தனியே அமர்ந்து விரிவாகப் பேசுகிறோம்.

ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் பெரும்பாலான குழந்தைகளுக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல நோய் திரும்பும் இடைவெளி நீள்கிறது. பலர்க்குப் பதின்பருவத்தோடு நோய் நின்றுவிடுகிறது. ஒரு சிலர்க்கு அதன் பின்னும் தொடரலாம். எத்தனை முறை திரும்பினாலும், ஒவ்வொரு முறையும் மருந்துக்குக் கட்டுப்படும்வரை சிறுநீரகத்தின் செயல்திறன் பெரும்பாலும் கெடுவதில்லை.

அடுத்த முறை வரும்போது குழந்தையோடு குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். சோதனை செய்யும் முறையில் ஐயம் இருந்தால் எங்கள் செவிலியரிடம் கேளுங்கள். உங்கள் கையாலேயே செய்யவைத்துக் காட்டுவார். பாட்டி, தாத்தா, சித்தி என்று வீட்டில் மற்றொருவரும் அதனைக் கற்றுக்கொள்வது நல்லது. தாய் ஊரில் இல்லாத நாளிலும் காலைச் சோதனை தவறக் கூடாது.